காலரைத் திருப்பிப் பார்ப்பவர்

போன மாதம் மந்தாரக்குப்பத்துக்குத் தேங்காய் வாங்கப் போனவள், சும்மா இருக்க மாட்டாமல் எங்கள் பழைய மையத்தின் மாடிப்படி ஏறிவிட்டேன். என் நாற்காலியில் இப்போது நந்தினி என்ற பெண் இருக்கிறாள். காணாமல் போனவர்கள் பற்றிய தகவலெல்லாம் அவளுக்குக் கைபேசிக் குழுக்களில் வந்து கொட்டுகிறது. காலை வணக்கமும் அதில்தான், கண்டெடுத்த கிழவரும் அதில்தான். பழைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஆதரவற்றோர் காப்பகத்தின் இணையதளத்தைத் திறந்து, மூலையில் இருந்த ஆரஞ்சுச் சின்னத்தைக் காட்டி, இது என்னங்கம்மா, அழுத்தினால் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டாள். அதன் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவள் முகம் வெளிறிப் போனது. மேலே சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். ஆனால் தொடங்கியதை முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இன்னொரு குவார்ட்டர்ஸுக்கே மருமகளாகப் போனேன். டைப்ரைட்டிங் தெரியும், வாய் கொஞ்சம் அதிகம். ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு, அப்புறம் ஒரு பள்ளியில் கிளார்க் என்று காலம் ஓடியது. கடைசியாகச் சேர்ந்த இடம்தான் இந்த மையம். வீட்டிலிருந்து தொலைந்துபோனவர்களைத் தேடித் தருகிற சின்ன அறக்கட்டளை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு தகரக் கூரை அறை. வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தால் அப்பளம் பொரிக்கலாம்.

எனக்கு மேலே இருந்தவர் வசந்தா மேடம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசையில் வைப்பார். அதைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவர்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: “காட்டிட்டுக் கேக்காத சகுந்தலா. கேட்டுட்டுக் காட்டு.”

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். நெசவுக் குடும்பம். மகனைக் காணோம். நான் ஒரு காப்பகம் போட்டிருந்த ஆள் படத்தைத் திறந்து, இவரா பாருங்கள் என்றேன். என் பிள்ளைதான் என்று திரையைத் தடவி முத்தம் கொடுத்தாள். போய்ப் பார்த்தால் வேறு ஆள். ஆனால் அந்த ஆள் இவளைப் பார்த்ததும் “அம்மா” என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டான். விடவே மாட்டேன் என்கிறான். இவளும் விலகவில்லை. இவன் என் பிள்ளை இல்லை, ஆனால் என்னைக் கூப்பிடுகிறானே என்று நின்றாளே, அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் முதலில் காட்டுவதில்லை. என்ன தழும்பு, எந்தக் கை, எப்படிச் சாப்பிடுவார், என்ன சொல்லித் திட்டுவார் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் திரையை அவர்கள் பக்கம் திருப்புவோம்.

தினமும் காலையில் என் முதல் வேலை ஃபீட் பார்ப்பது. இப்போது யாருக்கும் தெரியாது, அதனால் விளக்குகிறேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு காப்பகம். தெருவில் சுற்றுகிறவர்களைக் கூட்டிவந்து குளிப்பாட்டிச் சோறு போடும் அறக்கட்டளை. தங்கள் தளத்தில் அவ்வப்போது செய்தி போடுவார்கள். புதிதாக யார் வந்தார், யார் குணமாகி வீடு போனார், யார் காலமானார். அந்த ஆரஞ்சுச் சின்னத்தை அழுத்தி ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால் போதும், அங்கே போடுகிற ஒவ்வொரு செய்தியும் தானாக நம் திரைக்கு வந்து நிற்கும். நாம் போய்த் தேட வேண்டியதில்லை. படிக்காதது தடித்த எழுத்தில் இருக்கும். படித்ததும் மெலிந்துவிடும். இப்படிப் பல காப்பகங்களின் செய்திகள் எனக்கு ஒரே பக்கத்தில் வரும். காலையில் தடித்த எழுத்தில் யாராவது இருந்தால், ராத்திரி எங்கேயோ ஒரு ஆள் கிடைத்திருக்கிறார் அல்லது போயிருக்கிறார் என்று அர்த்தம். நான் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் திறப்பேன்.

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காடாம்புலியூர்க்காரி. மையத்தைப் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பவள். அவள் புருஷன் ஏழுமலை சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். மந்தாரக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறை ஒன்று, ஷிப்ட் பல. ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுப்பார். எல்லோர் சட்டையும் ஒரே கயிற்றில் தொங்கும், எல்லாம் ஒரே காக்கி. அதனால் அஞ்சலை புருஷன் சட்டை ஒவ்வொன்றிலும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்து அனுப்புவாள்.

முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்தப் புயல் வருஷத்தில் ஏழுமலை போய்ச் சேர்ந்தார். வாய்க்காலில் ஒதுங்கிக் கிடந்த உடல் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. முகம் பார்க்கிற மாதிரி இல்லை. காலரைத் திருப்பிக் காட்டினார்களாம். சிவப்பு நூல். ஆமாங்க, என் தையல்தான் என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தவள், எழுந்தபோது விதவை. எரித்தார்கள், கருமாதி செய்தார்கள். அவர் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் படையல் போட்டு, காலரில் சிவப்பு நூல் தைத்த ஒரு புதுச் சட்டையும் வைப்பாள். கை பழகிவிட்டது போல. எங்கள் மையத்துக் கைத்துண்டு, மேசைத்துணி, கரித்துணி எல்லாவற்றிலும் மூலையில் அதே சிவப்புப் பெருக்கல் குறி. உன் ஆட்சிதான் இங்கே என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாள்.

ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரை முழுக்கத் தடித்த எழுத்து. உருட்டினேன், இன்னும் உருட்டினேன், முடியவே இல்லை. எல்லாம் மலையடிவாரத்துக் காப்பகத்தின் செய்திகள். எல்லாவற்றிலும் அன்றைய தேதி. முதலில் கண்ணில் பட்டது, ‘பெரியவர் காளியப்பன் இன்று காலை இயற்கை எய்தினார்.’ காளியப்பன் போன வருஷமே செத்துப்போனவர். நானே படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். அவருக்குக் கீழே ஒரு பாட்டி, அவளும் பழைய சாவு. அதற்குக் கீழே ஒரு ஊமைப் பெண். செத்தவர்கள் எல்லோரும் அன்று காலை மறுபடி செத்திருந்தார்கள். வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் மறுபடி வாசலில் வந்து நின்றார்கள். வெயில் அடிக்கிற காலை நேரம், கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனாலும் எனக்கு நாற்காலியில் தனியாக உட்காரப் பயமாக இருந்தது.

காரணம் பிறகு தெரிந்தது, சாதாரணக் காரணம்தான். காப்பகத்தார் தங்கள் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது பழைய செய்திகள் அத்தனையும் புதியவை என்று ஃபீட் நினைத்துக்கொண்டு, மொத்தமாக அனுப்பி வைத்துவிட்டது. படங்கள் வழியில் தொலைந்துபோய், ஆள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள். அந்தக் குவியலில், நான் அந்த ஃபீடைச் சேர்ப்பதற்கு முன்னால் அவர்கள் போட்டிருந்தவையும் வந்தன. நான் ஒருபோதும் பார்த்திராதவை. அதில் ஒன்றின் தலைப்பு ‘வாசலில் நிற்பவர்.’

இப்படி எழுதியிருந்தது: ‘நடுவயது ஆண். புயல் நிவாரணம் கொண்டுபோய்த் திரும்பிய லாரியிலிருந்து இறங்கியவர். தலையில் காயம். பேசுவதில்லை. காலை, மதியம், இரவு என மூன்று வேளை, யாரும் சொல்லாமலே குறித்த நேரத்தில் எழுந்து வாசல் கேட் வரை போய், யாரையோ எதிர்பார்ப்பதுபோல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறார். எந்தச் சட்டை கொடுத்தாலும் காலரைத் திருப்பி உள்பக்கம் பார்க்கிறார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.’

அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் டீ டம்ளர் வந்து உட்கார்ந்தது. “சூடா இருக்குதுக்கா, பாத்து” என்றாள் அஞ்சலை. டம்ளரைப் பிடித்துக்கொள்ள அவள் வைத்த துணியில் சிவப்புப் பெருக்கல் குறி. அவளைப் பார்க்கவும் முடியவில்லை, திரையைப் பார்க்கவும் முடியவில்லை. சரி சரி என்று ஏதோ உளறினேன்.

மேடம் வந்ததும் படிக்கச் சொன்னார். சத்தமாகப் படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். எந்தச் செய்தியையும் இரண்டு தரம் காதால் கேட்காமல் அவர் நம்ப மாட்டார். பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டு, துண்டைக் காட்டி, பேச்சோடு பேச்சாக, “உன் வீட்டுக்காரர் இந்த நூலைக் கவனிப்பாரா, இல்ல கையில கிடைச்சதப் போட்டுப்பாரா?” என்று கேட்டார்.

“அய்ய, கவனிக்காம? காலரைத் திருப்பிப் பாத்துட்டுதாங்கம்மா கையவே வுடுவாரு. நூலு இல்லன்னா தொடமாட்டாரு” என்றாள் அஞ்சலை. சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். இத்தனை வருஷம் எங்களோடு இருந்தவள். கேட்டுவிட்டுக் காட்டுகிற எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்காமல் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுந்தேன். மேடம் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “தேதி பொய் சகுந்தலா. இது எப்ப எழுதினதோ. அவர் செத்த செய்தியும் இந்தக் குவியலிலேயே இருக்கலாம். ஒண்ணு விடாம படி.” படித்தேன். பேர் இல்லாத ஆண்களின் சாவுச் செய்திகளாகத் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றும் படித்ததும் மெலிந்துபோனது. உயரம், நிறம், தழும்பு பார்த்து, இவர் இல்லை, இவரும் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்நியர்களின் சாவைப் படித்துவிட்டு அப்பாடா என்று மூச்சு விட்டது அன்றைக்குத்தான். அப்புறம் அந்தத் தலைப்பு வந்தது. ‘வாசலில் நிற்பவர் இன்று நிற்கவில்லை.’

என் கை மவுஸை விட்டு எழுந்துவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு அவரே கை நீட்டி அழுத்தினார். ‘கடும் காய்ச்சல். எழ முடியவில்லை. ஆனாலும் அதே நேரத்துக்குப் படுத்தபடியே இரண்டு கைகளையும் நீட்டுகிறார், யாரோ சட்டை கொடுப்பதை வாங்குவதுபோல.’ அவ்வளவுதான். பிழைத்தாரா என்று அதில் இல்லை. அதற்கு மேல் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

போன் போட்டோம். காப்பகத்துப் பொறுப்பாளர் ஒரு பெண். மேடம் விவரம் சொல்லி, அந்த வாசலில் நிற்பவர் இப்போது இருக்கிறாரா என்று கேட்டார். நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். சரியாக அந்த நேரம் சுரங்கத்துப் பக்கமிருந்து மதிய ஷிப்ட் சங்கு ஊதியது. தகரக் கூரை அதிர்ந்தது. சங்கு அடங்கியதும் அந்தப் பெண் சொன்னது கேட்டது: “இருக்காருங்க. இதோ, இப்பத்தான் எழுந்து கேட்டுக்குப் போறாரு.”

அந்த மலையடிவாரத்தில் ஆலையும் இல்லை, சங்கும் இல்லை. மேடம் போனை வைத்துவிட்டு, மடித்து வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அஞ்சலையை உள்ளே கூப்பிட்டு மேடம் சொன்னார். சந்தோஷத்தில் கத்துவாள் என்று நான் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தேன். அவள் கத்தவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பொட்டு இல்லாத நெற்றி. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “அப்ப நாங்க எரிச்சது யாருக்கா?” என்றாள்.

மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். அஞ்சலை ஒரு காக்கிச் சட்டையில் நூல் தைத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக அதைத் தடவிக்கொண்டே வந்தாள். அவராக இருந்தால் என்ன செய்வது, அவராக இல்லாவிட்டால் என்ன செய்வது, இரண்டும் அவளுக்குப் பயம். என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள்: அந்தப் பொணம் என் சட்டையை ஏன் போட்டிருந்தது? எனக்கோ எரிச்சல், பயத்தில் வருகிற எரிச்சல். சும்மா வா என்று அதட்டிவிட்டேன்.

அங்கேயும் மேடம் சட்டத்தை விடவில்லை. அஞ்சலையை மரத்துக்குப் பின்னால் நிற்க வைத்தார். காப்பகத்துச் சட்டைகளோடு இவள் கொண்டுவந்ததைக் கலந்து ஒரு பெஞ்சில் வைத்தார்கள். ஆள் வந்தார். மெலிந்து, முடி வெளுத்து, மாலை போட்ட படத்தில் நான் பார்த்திருந்த முகத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்தார், காலரைத் திருப்பினார், கீழே வைத்தார். அவள் சட்டை வந்தது. திருப்பினார். விரல் அந்தச் சிவப்பு நூலிலேயே நின்றுவிட்டது. பிறகு அவசரமே இல்லாமல் போட்டுக்கொண்டு, பொத்தான்களை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பொறுப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை எந்தச் சட்டையையும் அவராகப் போட்டதில்லையாம், மற்றவர்கள்தான் மாட்டிவிடுவார்களாம்.

அஞ்சலை மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். ஆச்சரியமே இல்லை, நேற்று வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியவர் மாதிரி. அந்தக் காப்பகத்தில் யாரும் கேட்டிராத அவர் குரலை அப்போதுதான் கேட்டோம்.

“சட்டைய தங்கராசு குடுத்துட்டானா?”

அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தேடிப் போன பதில் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

மிச்சத்தை வீடு வந்து பல மாதங்களில், துண்டு துண்டாகச் சொன்னார். தங்கராசு அவரோடு அறையில் தங்கியிருந்தவன். ஊர் மேற்கே எங்கேயோ என்பான், ஊர்ப் பேர் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. இவர் ஒரு ஷிப்ட் என்றால் அவன் வேறு ஷிப்ட். மழைக் காலத்தில் எதுவும் காயாது. அதனால் காய்ந்திருக்கிற ஒரு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அவன் வந்து கழற்றிக் கொடுத்தால்தான் இவர் போட்டுக்கொண்டு கிளம்ப முடியும். சங்கு ஊதியதும் அறை வாசலில் போய் அவனுக்காக நிற்பது இவர் வழக்கம். புயலன்று தங்கராசு இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். சங்கு ஊதியது, அவன் வரவில்லை. இவர் பனியனோடு அவனைத் தேடிக் காற்றில் இறங்கியிருக்கிறார். ஒரு கிளை முறிந்து விழுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. தங்கராசு புயலுக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டான் என்று அறையில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனை யாரும் தேடவே இல்லை.

உயிரோடு இருக்கிற மனிதருக்கு உயிர் இருக்கிறது என்று எழுதி வாங்க வசந்தா மேடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அது பெரிய கூத்து, அதை எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும். தங்கராசுவின் சொந்தக்காரர்களைத் தேடி ஒரு குறிப்பு எழுதினேன். மலையடிவாரத்துக் காப்பகம் அதைத் தங்கள் செய்தியில் போட்டது. மறுநாள் காலை, நானே எழுதியது தடித்த எழுத்தில் என் திரைக்கு வந்து நின்றது. பேர் மட்டும் தெரிந்த ஒரு ஆள். படம் இல்லை, தழும்பு தெரியாது, என்ன சொல்லித் திட்டுவான் என்று கேட்டுச் சொல்ல வீட்டு மனிதர் யாரும் இல்லை. இன்று வரை ஒருவரும் வரவில்லை. பிறகு நான் ஓய்வு பெற்றேன், காப்பகம் ஃபீடை நிறுத்திவிட்டது, மேடமும் மகளோடு வெளியூர் போய்விட்டார். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபீட் மட்டும் இன்னும் இருக்கிறது. புதிதாக எதுவும் வராது என்று தெரியும். தினமும் திறக்கிறேன். அந்த ஒரு குறிப்பைப் படிக்காததாகவே குறித்து வைத்திருக்கிறேன். அவன் மெலிந்துவிடக் கூடாது.

போன வருஷம் அந்தப் புயல் நாளில் காடாம்புலியூருக்குக் கூப்பிட்டிருந்தாள் அஞ்சலை. ஏழுமலை படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆணி மட்டும் இருந்தது, அதற்குத்தான் மாலை. இலை போட்டு, சோறு வைத்து, புதுக் காக்கிச் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். காலரைத் திருப்பிப் பார்த்தேன். நீல நூல்.

“அவன் எங்க வூட்டுச் சாவுக்கா. எங்க வூட்டுச் சோறுதான் அவனுக்கு” என்றாள் அஞ்சலை. “நூலு மட்டும் வேற. இனிமே மாறக்கூடாது பாருங்க.”

ஏழுமலைதான் தண்ணீர் விட்டு, கற்பூரம் காட்டினார். தங்கராசு செத்துப்போனது அவருக்குத் தெரியும். தன் பேரில்தான் அவனை எரித்தார்கள் என்பதும் தெரியும். நிதானமாகப் பேசினார், எனக்கு இரண்டாவது தரம் பாயசம் ஊற்றச் சொன்னார். படைத்த சட்டையை வீட்டு ஆம்பளை உடுத்துவதுதான் வழக்கம். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது அவர் அதை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தார். போட்டுக்கொள்ளவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய் வாசல் படலுக்குப் பக்கத்தில் நின்றார். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நெய்வேலிச் சங்கு அந்த ஊருக்குக் கேட்காது.

நான் அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அஞ்சலை இலையை எடுத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

“வுடுங்கக்கா. ஷிப்ட் மாத்துற நேரம்.”